இரண்டாவது பூ

உண்மையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். கேட்கிறவர்கள் எல்லாரும் அவசர அவசரமாகத்தான் கேட்பார்கள். கொண்டுபோய் வாசலில் இறக்கியதும், "கொஞ்சம் அப்படி ஓரமா வெச்சிருங்க" என்பார்கள். எனக்கு இது பழகிப்போய்விட்டது.

என் பெயர் இதழினி. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சித்தமானி இன்ஜினியர். சித்தமானி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் தானாக நடந்ததா, யாரோ நினைத்து நடத்தியதா என்று சொல்லும் பெட்டி அது. தையல் மெஷின் அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு விளக்கு. நீலம் எரிந்தால் அது தானாக நடந்தது. மஞ்சள் எரிந்தால் அதில் யாருடைய சித்தமோ கலந்திருக்கிறது. யாருடையது என்று மட்டும் சொல்லாது. அது போலீஸ் வேலை.

முதலில் கிரிக்கெட்காரர்கள் வாங்கினார்கள், டாஸில் தில்லுமுல்லு நடக்கிறதா என்று பார்க்க. அப்புறம் இன்சூரன்ஸ்காரர்கள். ஒரு முறை பனியன் குடோன் ஒன்று எரிந்தபோது மஞ்சள் விளக்கு வந்தது. முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, குடோனில் இருந்த எண்ணெய் விளக்கைத் தட்டிவிட்டது அவர் வீட்டுப் பூனை. சோறு வைக்காத கோபத்தில் வேண்டுமென்றேதான் தட்டியிருக்கிறது. அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் முதலில் பூனை இருக்கிறதா என்று கேட்பேன்.

இதற்கு முன் யாரும் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை. போன் செய்தவள் முகிலி என்ற பெண். பேட்டரி கம்பெனியில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"அக்கா, எங்க ஊர்ல ஒரு பூ விழுந்திருச்சு. அது தானா விழுந்துச்சுன்னு நீங்க வந்து சொல்லணும்."

"அப்படியெல்லாம் முன்னாடியே எழுதிக் குடுக்க முடியாதும்மா. பெட்டி என்ன சொல்லுதோ அதுதான்."

"எழுத வேண்டாங்க்கா. பெட்டி அதைத்தான் சொல்லும்."

இவ்வளவு நிச்சயமாக இருக்கிறவர்களுக்கு என் பெட்டி எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புங்கவலசு என்று சொன்னதும் கார் தானே வழி பார்த்துக் கிளம்பிவிட்டது.

ஊர் எல்லையில் ஒரு பெரிய புங்கமரம். அதன் அடியில் புங்காத்தா கோயில். தர்மகர்த்தா விக்னேஷ் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து வரவேற்றார். பூசாரி தினேஷ் அவரைவிட மூத்தவர், பல் முழுக்கப் போய்விட்டது. விக்னேஷ், தினேஷ், சந்தோஷ் என்ற தாத்தா காலத்துப் பெயர்களைக் கேட்டாலே எனக்குக் கைத்தடியும் பொக்கை வாயும்தான் ஞாபகம் வரும். என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.

"வாங்கம்முணி, வெயில்ல வந்திருக்கறீங்க. மோரு குடிங்" என்றார் விக்னேஷ். கண் மட்டும் என் பெட்டி மேலேயே இருந்தது.

விஷயம் இதுதான். புங்காத்தாவிடம் பூவாக்குக் கேட்பது இந்த ஊர் வழக்கம். கல்யாணமா, கிணறு வெட்டுவதா, பையனை வெளியூர் அனுப்புவதா, எதுவானாலும் கேட்பார்கள். கேட்கிறவர் சந்நிதி முன்னால் நின்று கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஓர் அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மன் நெற்றியில் ஒட்டுவார். ஈரம் காயக் காயப் பூ நழுவும். அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

முகிலிக்கு எழிலன் என்று ஒரு பையனைப் பிடித்திருந்தது. நல்ல பையன்தான், யாரும் குறை சொல்லவில்லை. சிலி நாட்டில் ஒரு மலை உச்சியில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற வேலை. முகிலிக்கு அப்பா இல்லை. அம்மா வர்ஷினி பூவாக்குக் கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது. கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"தண்ணியில நனைச்ச பூ. ஒரு பக்கம் கூட ஈரம், ஒரு பக்கம் கம்மி. இதுக்குப் போய் நான் வாழ்க்கையை விடணுமா?" என்றாள் முகிலி. பூசாரி பக்கத்தில் இருந்ததால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "அதான் ஊர்க்கூட்டத்துல கேட்டேன். மெஷின் கொண்டாருவோம். ஆத்தாதான் தள்ளுனாள்னு வந்தா நான் எழிலனை விட்டர்றேன். தானா விழுந்துச்சுன்னா எங்கம்மா கல்யாணம் பண்ணி வெக்கணும்."

"ஊர்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"உடனே ஒத்துக்கிட்டாங்க."

அதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. சாமி கும்பிடுகிறவர்களுக்கு மஞ்சள்தான் வரும் என்று தெரியும். கும்பிடாதவர்களுக்கு நீலம்தான் வரும் என்று தெரியும். விடை தெரிந்த பரீட்சைக்கு யார் பயப்படுவார்கள்? எல்லாரும் குளித்துப் புதுத்துணி உடுத்தி வந்து கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். ஒருவர் பாப்கார்ன்கூட விற்றுக்கொண்டிருந்தார்.

பெட்டியைச் சந்நிதிக்கு எதிரில் வைத்தேன். பூசாரி அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"இது எப்படீங் கண்டுபிடிக்கும்?"

"ஐயா, நீங்க மணல்ல நடந்தா தடம் விழுகுமில்லீங்களா? காத்தும் அதே மணலைக் கலைக்குது. ஆனா காத்து கலைச்சது வேற மாதிரி இருக்கும், கால் கலைச்சது வேற மாதிரி இருக்கும். 'இது இப்படித்தான் நடக்கணும்'னு ஒரு மனசு நினைச்சு ஒரு காரியம் நடந்தா, அந்த இடத்துல ஒரு தடம் விழுகுது. கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும்."

"பூவை ஒட்டறது நானாச்சே. என்ற நெனப்பும் அதுல இருக்குமே?"

கேள்வி சரியான கேள்வி. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த கண்ணாடித் தட்டைக் காட்டினேன். "அதுக்குத்தான் இது. இங்க இருக்கறவங்க எல்லாரும் ஒரு தரம் கட்டைவிரல் வெச்சிட்டா, உங்க நெனப்பையெல்லாம் கணக்குல இருந்து கழிச்சிரும்."

பூசாரி தன் கட்டைவிரலைப் பார்த்தார். "எங்க எல்லாத்தையும் கழிச்சுப்போட்டா மிச்சம் என்னுங் இருக்கும்?"

"அதைப் பாக்கத்தாங்க வந்திருக்கேன்."

வரிசையில் நின்று ஊரே தன்னைக் கழித்துக்கொண்டது. கைக்குழந்தையின் விரலைக்கூடப் பிடித்து வைத்தார்கள். பூனை உண்டா என்று கேட்டேன். பூனை இல்லை, ஜாக்கி என்ற கோயில் நாய் இருந்தது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கிவந்து முன்னங்காலை அமுக்கினார்கள். அது தட்டை நக்கிவிட்டு மரியாதையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. சந்நிதிச் சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"அதுக்கு அவ்வளவு சித்தம் கெடையாதுங்க, விட்ரலாம்" என்றேன்.

"பல்லிக்கா கெடையாது?" பூசாரிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊருக்கே அது பலன் சொல்லுது. நீங்க கெடையாதுங்கறீங்க!" கடைசியில் பல்லியைத் துரத்திவிட்டு அந்தப் பிரச்சினையை முடித்தோம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை அடுத்து வந்தது. என்ன கேள்வி கேட்பது?

கல்யாணத்தைப் பற்றியே மறுபடி கேட்டால் போயிற்று என்று நான் சொன்னேன். கூட்டமே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அம்முணி, ஒருக்கா கேட்டா கேட்டதுதான்" என்றார் பூசாரி. "ரெண்டாவது பூ வெச்சா, மொதப் பூவை நம்பலைன்னு அர்த்தம். அப்புறம் ஆத்தா மொகத்துல எப்படி முழிக்கறது?"

சரி, வேறு கேள்வி. மழை வருமா என்று கேட்கலாம் என்றார் ஒருவர். அதைத்தான் போனே சொல்லுதே என்றார் இன்னொருவர். கபடி டீமைக் கோப்பைக்கு அனுப்பலாமா என்று ஒரு கும்பல் கத்தியது. இப்படியே பொழுது போய்விடும் என்று நான் நினைத்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து வர்ஷினியம்மா முன்னால் வந்தார். மெலிந்த உருவம். விடியற்காலையிலேயே எழுந்து ஊருக்குச் சமைத்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"நான் கேக்கறேனுங். என்றகிட்ட வேறொரு கேள்வி இருக்குது."

"என்னம்மா கேள்வி?" என்றேன்.

"அது மனசுல கேக்கறதுங் கண்ணு. வெளிய சொன்னா வாக்காகாது."

யாரும் மறுக்கவில்லை. அவர் கைகூப்பி நின்றார். பூசாரி பூவை நனைத்து ஒட்டினார். பெட்டியை முடுக்கினேன். ஒரு கூட்டம் அப்படி மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. பாப்கார்ன்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டார்.

பூ வலப்பக்கம் விழுந்தது.

வர்ஷினியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மணி அடித்தார்கள். கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

"இனிமேல் பெட்டி கணக்குப் போடணுங்க. இவ்வளவு பேரைக் கழிக்கணுமில்லீங்களா? கொஞ்சம் நேரம் புடிக்கும். முடிஞ்சதும் மணி அடிக்கும். அப்புறம் மூடியைத் திறந்து பாக்கலாம்."

பெட்டி ரீங்கரிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊருக்குப் பயம் வந்தது. நான் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலில் பெரிய மீசை வைத்த ஒருவர். சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தவர் மாதிரி பக்கத்தில் குந்தினார்.

"ஏனுங், போன வருசம் ஆத்தாளைக் கேட்டுத்தான் போர் போட்டேன். பூ வலப்பக்கம் விழுந்துச்சு. ஆயிரம் அடி போயும் பொகைதான் வந்துச்சு, சொட்டுத் தண்ணி வரல."

"அடடா."

"இப்ப மஞ்சள் வந்தா, ஆத்தா தெரிஞ்சே என்னைக் குழியில தள்ளுனாள்னு ஆகும். நீலம் வந்தா, ஒரு பூவை நம்பிப் பணத்தைக் கொட்டுன முட்டாள்னு ஊரு சிரிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டுக்கும் நடுவால வேற ஏதாச்சும் கலரு இருக்குதுங்களா?"

"இல்லீங்களே."

"ஒரு பச்சை வெச்சிருக்கலாம்" என்று கம்பெனியைக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் தர்மகர்த்தா விக்னேஷ். உட்காரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ற சம்சாரம் பேரு ஹரிணி. வயித்துல கட்டி. ஆபரேசன் பண்ணா பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நான் இங்க வந்து கேட்டேன். வலப்பக்கம் விழுந்துச்சு. தைரியமா உள்ள அனுப்புனேன். வெளிய வரல."

கையில் இருந்த மோரைக் கீழே வைத்தேன்.

"அன்னைல இருந்து தெனமும் காலையில வருவேனுங். நடை தெறந்ததும் ஆத்தாளைத் திட்டுவேன். வாய்க்கு வந்த மாதிரித் திட்டுவேன். பூசாரி காதைப் பொத்திக்குவாரு. திட்டி முடிச்சுப்போட்டு ஒரு கும்புடு போட்டுட்டுப் போவேன். அப்பத்தான் அன்னைப் பொழுது ஓடும்." பெட்டியைப் பார்த்தார். "நீலம் எரிஞ்சா, இத்தன வருசம் நான் யாரைத் திட்டுனேன்? மஞ்சள் எரிஞ்சா, தெரிஞ்சேதான் சொன்னாங்கறது உறுதியாயிரும். அப்புறம் அந்தப் படி எப்படி ஏறுவேன்? தெரியாததனாலதான் அம்முணி திட்டவும் முடியுது, கும்புடவும் முடியுது."

அவர் போன பிறகும் அந்த மோரை எடுக்கவில்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்று எனக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, அதைச் சரிசெய்வதற்குள் ஸ்கூல் வேன் போய்விட்டது. அந்த வேன் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. "யாரோ உன்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். "பழைய செருப்பும்மா, அறுந்துச்சு" என்று நானும் இன்றைக்கும் சொல்வேன். அந்த வேனில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி இருந்தாள். அவள் பிழைக்கவில்லை. யாரோ என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தால், அவளை ஏன் நிறுத்தவில்லை? செருப்பு தானாக அறுந்திருந்தால், நான் உயிரோடு இருப்பதற்கு ஒரு பழைய வாரைத் தவிர வேறு காரணமே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சித்தமானியோடு சுற்றுகிற நான் இந்தக் கேள்வியின் பக்கம் மட்டும் போனதே கிடையாது. செருப்பும் இப்போது இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவதாக வர்ஷினியம்மா வந்தார். அதற்குள் முகிலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் எழிலனுக்கு நிலவரம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"இரு கண்ணு. நீயும் கேளு" என்றார். பிறகு என்னிடம், "மணி அடிக்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லணுமுங்" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"அன்னைக்கு நான் கேட்டது வேற."

முகிலி நிமிர்ந்தாள்.

"என்ற மகளுக்கு எழிலனைக் கட்டி வெக்கலாமான்னு நான் கேட்டேன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. நான் அப்படிக் கேக்கல. 'ஆத்தா, இவ அத்தனை தூரம் போயிட்டா நான் ஒத்தையில என்ன பண்ணுவேன், இந்தக் கல்யாணத்தை நிறுத்தீரட்டுமா'ன்னு கேட்டேன். பூ இடப்பக்கம் விழுந்துச்சு. நிறுத்தாதேன்னு சொல்லிப்போட்டா."

முகிலி போனைக் கீழே வைத்தாள்.

"திரும்பிப் பாத்தா, 'ஆத்தா வேண்டாங்கறா, ஆத்தா வேண்டாங்கறா'ன்னு ஊரே பேசுது. நான் பொய் சொல்லல. வாயைத் தெறக்கல, அவ்வளவுதான். தெறக்காம விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ மெஷின் கொண்டாரலாம்னு சொன்னப்ப நாந்தான் மொத ஆளாச் சரின்னேன். ஏன்னு கேளுங். நீலம் வரட்டும்னு. கோயில்ல யாரும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, நான் யாரையும் ஏமாத்தலைன்னு ஆயிருமில்லீங்?"

தினமும் விளக்குப் போடுகிற அந்த அம்மாள் நீலம் வர வேண்டிக்கொண்டிருந்தார்! என் தொழிலில் பலவிதமான வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

முகிலி எழுந்து நின்றாள்.

"அம்மா, அங்க யாரு இருக்காங்க இல்லைங்கறதை விடு. நான் இருக்கேன்ல? என்னை ஏமாத்துனே இல்ல? அதுக்கு மெஷின் வேணுமா?"

முகிலி அழுதுகொண்டே கொஞ்ச தூரம் நடந்து போனாள். ஜாக்கி வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. முகிலி நின்று, திரும்பி, அங்கிருந்தே கத்தினாள்.

"இன்னைக்கு என்ன கேட்டே? அதையாவது மாத்தாமச் சொல்லு!"

"என்ற மககிட்ட உண்மையைச் சொன்னா என்னை மன்னிப்பாளான்னு கேட்டேன்."

"என்னன்னு வந்துச்சு?"

"நீதான் பாத்தியே. வலப்பக்கம்."

முகிலி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், கோயிலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயும் ஆத்தாளும் சேந்து நல்லாக் கோத்து விட்டீங்க! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா நான் என்ன பண்ண முடியும்?"

திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "சிலி ஒண்ணும் செவ்வாய் கிரகம் இல்லம்மா. உனக்கும் ஒரு ரூம் இருக்கு. அந்த மலையில மழையே பெய்யாதாம், வடகம் காயப் போடலாம்." வர்ஷினியம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். எனக்கும் கண் கலங்கியது. வேலை நேரத்தில் கண் கலங்குவது எங்கள் கம்பெனியில் வழக்கமில்லை.

சேதி ஊர் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. பூசாரி மட்டும் கொஞ்சம் முனகினார். "கேட்டவ வாயை மூடிக்கிட்டு இருந்துபோட்டு, பழி பூ மேலயா? கெரகம்!" விக்னேஷ் அங்கேயே எழிலன் வீட்டுக்குப் போன் போட்டு, முகூர்த்த நாள் பேச வரச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி மணி அடித்தது.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்டியிடம் போய் மூடியின் மேல் கையை வைத்தேன். "முடிஞ்சுதுங்க. தெறக்கட்டுங்களா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய மீசைக்காரருக்குத் திடீரென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதது ஞாபகம் வந்தது. பூசாரி விளக்கில் எண்ணெய் குறைகிறது என்று உள்ளே போனார். "சாப்பாடு ஆறுது, எலையைப் போடுங்கப்பா" என்றார் விக்னேஷ். நீலம்தான் வரும் என்று பந்தயம் கட்டியிருந்த இளவட்டங்கள் பந்தி பரிமாற ஓடினார்கள். பாப்கார்ன்காரர் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். மூடிய பெட்டியும் நானும் ஜாக்கியும்தான் மிச்சம்.

ஆர்டர் கொடுத்தவள் முகிலி. அவளைப் பார்த்தேன்.

"அக்கா..." என்று இழுத்தாள். "கொஞ்சம் அப்படி ஓரமா வெச்சிருங்களேன். மொதல்ல சாப்புடலாம்."

சாப்பாடு பிரமாதம். நான் எழுந்திருக்கப் போகும்போதெல்லாம் வர்ஷினியம்மா தோளை அமுக்கி உட்காரவைத்து இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். புறப்படும்போது பூசாரி ஒரு வாழை இலையில் அம்மன் பிரசாதமாகக் கொஞ்சம் அரளிப்பூ சுற்றிக் கொடுத்தார். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைக் காருக்குத் தூக்கிப்போக மட்டும் நாலு பேர் ஓடிவந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் காரை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். சிரிப்பாக வந்தது. என்ன ஜனங்கள்! வேண்டுமென்று கேட்டு, வரிசையில் நின்று, நாயின் காலைக்கூட அமுக்கிவிட்டு, கடைசியில் சாப்பாடு ஆறுகிறதாம். இவர்களுக்கு உண்மை தேவையில்லை. சரி, அது அவர்கள் இஷ்டம். எனக்கு அப்படியில்லை. நான் படித்தவள், சாமி கும்பிடாதவள், இதே பெட்டியால் சோறு சாப்பிடுகிறவள். அத்தனை பேரையும் ஒரு நாயையும் கழித்த பிறகு அந்தக் கோயிலில் என்ன மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? மூடியைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் மூடியைத் திறக்காமலேயே பதில் அழிந்துவிடும். ஒரு கை மூடி மேல், ஒரு கை பொத்தான் மேல். அப்படியே உட்கார்ந்திருந்தேன். அறுந்த செருப்பு ஞாபகத்துக்கு வந்தது. வேன் ஜன்னலில் கையாட்டிக்கொண்டு போன என் சிநேகிதியின் முகம் வந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். இலையைப் பிரித்து ஓர் அரளிப்பூவை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலில் நனைத்து, சித்தமானியின் சரிந்த முகப்பில், கம்பெனிப் பெயருக்கு மேலே, நெற்றிப் பொட்டு மாதிரி ஒட்டினேன். மனசுக்குள் கேட்டேன். திறந்து பார்க்கட்டுமா?

பூ கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல நழுவி விழுந்தது.

வலப்பக்கம்.

உத்தரவு கிடைத்துவிட்டது. இனிமேல் மூடியைத் திறக்க வேண்டியதுதான். வேப்பமரத்தில் ஒரு காக்கா கத்தியது. நான் விழுந்த பூவைப் பார்த்தேன், மூடியைப் பார்த்தேன்.

அப்புறம் இலையிலிருந்து இரண்டாவது பூவை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன்.